பழைய டெஸ்க்டாப்பில் பயாஸ் அப்டேட்: கேள்வி பதில்

பத்து வருடம் ஓடிய டெஸ்க்டாப்பில் பயாஸை, அதாவது ஆன் செய்ததும் மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்யலாமா, செய்தால் மெஷின் செத்துவிடுமா என்று சிங்கப்பூரின் நாலா பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். புதிய பயாஸை எழுதும்போது அது இருக்கும் சிப் கெட்டுப்போவது அபூர்வம். தவறான கோப்பைப் போடுவதும், அப்டேட்டுக்குப் பிறகு செட்டிங் மாறியதைக் கவனிக்காமல் விடுவதும்தான் அடிக்கடி நடக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஈசூனிலிருந்து: அண்ணே, 2014-ல் வாங்கிய மெஷின், நான்காம் தலைமுறை ஐ5. பயாஸ் அப்டேட் செய்தால் வேகம் கூடும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். செய்யட்டுமா?

வேகம் கூடாது. வேகம்தான் வேண்டுமென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசத்தை அன்றைக்கே பார்ப்பான்.

பயாஸைத் தொடுவதற்கு நியாயமான காரணங்கள் சிலதான். வேறு சிபியு போடப்போகிறீர்கள். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக வேண்டும். உங்கள் கோளாறைப் பெயர் சொல்லித் தயாரிப்பாளர் சரிசெய்திருக்கிறார். அல்லது பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்திருக்கிறார். கடைசி வகைக்கு 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் நல்ல உதாரணம். அதற்காக வந்த முதல் மைக்ரோகோடை, அதாவது சிபியுவுக்குள் ஏறும் திருத்தத்தை, போட்ட மெஷின்கள், குறிப்பாக உங்கள் தலைமுறை சிப் உள்ளவை, தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. அதே மாதம் இன்டெல்லே நிறுத்தி வைக்கச் சொல்லி, திருத்திய பதிப்பைப் பிறகு கொடுத்தது. அதனால் பாதுகாப்பு அப்டேட் என்றாலும் வெளிவந்த அன்றே போட ஓடாதீர்கள். தவிர, மைக்ரோகோடை விண்டோஸும் பூட் ஆகும்போது ஏற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டு மெஷின் ஒழுங்காக ஓடுகிறதென்றால் விட்டுவிடுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: எந்தக் கோப்பை இறக்க வேண்டும் என்பதே புரியவில்லை. என் போர்டு பெயரில் நாலைந்து பக்கங்கள் வருகின்றன.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் மாடலும், பயாஸ் வெர்ஷன் என்ற வரியில் இப்போதைய பதிப்பும் தேதியும் இருக்கும். அதோடு நிறுத்தாமல் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து போர்டையே பாருங்கள். ஜிகாபைட் போன்ற போர்டுகளில் ஓரத்தில் ரெவிஷன் எண் அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்று, ரெவிஷன் 1.0-க்கும் 2.0-க்கும் பயாஸ் வேறு. பெயரின் கடைசியில் வரும் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு போர்டுதான்.

டெல் மெஷின் என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக்கை அவர்கள் தளத்தில் போட்டால் போதும். ஹெச்பி, லெனோவோவுக்கு சீரியல் எண். கோப்பை எப்போதும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பயாஸ் தருகிறேன் என்று விளம்பரம் மின்னும் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

இன்டெல் பெயர் போட்ட போர்டு வைத்திருக்கும் இருவரும் கேட்டிருந்தார்கள். இன்டெல் டெஸ்க்டாப் போர்டு தொழிலிலிருந்து விலகுவதாக 2013-ல் அறிவித்தது, 2019 இறுதியில் பழைய பயாஸ் கோப்புகளையும் தளத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. முகம் தெரியாத இடத்திலிருந்து அதைத் தேடி எடுத்துப் போடுவதைவிட, இருப்பதை அப்படியே ஓட்டுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: வீட்டில் யூபிஎஸ் இல்லை. பாதியில் கரண்ட் போனால்?

சிங்கப்பூரில் ஊர் முழுக்கக் கரண்ட் போவது அரிது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் பல வட்டாரங்கள் இருண்டது நினைவிருக்கும். அப்படி நடந்தால் அது செய்தி. எனக்குப் பயம் உங்கள் வீட்டின் மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியைப் பற்றித்தான். வீவக அடுக்குமாடி வீட்டில் பழைய வாட்டர் ஹீட்டரோ, கசியும் கெட்டிலோ ஒன்று போதும், மொத்த வீட்டுக்கும் மெயின் டிரிப் ஆகிவிடும். ஆகவே யாரும் குளிக்காத, சமைக்காத நேரமாகப் பாருங்கள். மதியம் வானம் கறுத்து இடி இடித்தால் அன்றைக்கு வேண்டாம். பத்துப் பொருள் சொருகிய எக்ஸ்டென்ஷனில் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். அந்த சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், வேலைக்கு உதவும் பணிப்பெண் வேக்குவம் போட அதே சுவிட்சை அணைத்த கதை உண்டு.

யூபிஎஸ் யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. ஆனால் பாட்டரி போன பழைய யூபிஎஸ் இல்லாததைவிட மோசம். முதலில் ஒரு விளக்கை மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, எரிகிறதா என்று பாருங்கள்.

செங்காங்கிலிருந்து: அண்ணா, பயாஸ் அப்டேட் செய்தால், டிஸ்க்கைக் காக்கும் பிட்லாக்கர் பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே? நான் அதை ஆன் செய்ததே இல்லையே!

நீங்கள் செய்யாவிட்டாலும் விண்டோஸ் செய்திருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது பிட்லாக்கரின் எளிய வடிவம், தானாகவே ஆன் ஆகிவிடும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. பயாஸ் மாறியதும் டிபிஎம் 'இது நான் பார்த்த மெஷின் இல்லை' என்று சாவியைத் தர மறுக்கக்கூடும். அப்படியானால் அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் பிள்ளைகளின் படங்கள் உட்பட எல்லாம் போச்சு. சிப் கெட்டால்கூட மாற்றலாம், இதற்கு மருந்தே கிடையாது.

ஆகவே முதல் வேலை, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ப்ரோ பதிப்பென்றால் பிட்லாக்கர் பக்கத்தில் சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன் கொடுங்கள். ஹோம் என்றால் என்கிரிப்ஷனை அணைத்து, முழுதாக முடியும்வரை காத்திருப்பதே எளிது. அதோடு படங்களை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி.

ஏஎம்டி மெஷின்காரர்களுக்கு இன்னொன்று: அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம்மை, அதாவது சிபியுவுக்குள் இருக்கும் டிபிஎம்மை, ரீசெட் செய்யவா என்று கேட்டு, ஒய் அல்லது என் அழுத்தச் சொல்லும். பிட்லாக்கர் ஆனில் இருந்து, கீயும் கையில் இல்லையென்றால், ஒய்யைத் தொடாதீர்கள்.

சுவா சூ காங்கிலிருந்து: விண்டோஸிலிருந்தே செய்யும் மென்பொருள் இருக்கிறது. அது போதாதா?

டெல், ஹெச்பி போன்ற பிராண்ட் மெஷினில் பெரும்பாலும் பரவாயில்லை. டெல்லில் கோப்பை பென் டிரைவில் வைத்து எஃப்12 மெனுவிலிருந்தும் செய்யலாம். சொந்தமாகச் சேர்த்த மெஷினில் பயாஸுக்குள் இருக்கும் கருவியையே நம்புவேன். ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். 32 ஜிபிக்கு மேற்படாத பென் டிரைவ், ஃபேட்32 ஃபார்மேட், பின்பக்க யூஎஸ்பி போர்ட். சிபியுவை ஓவர்கிளாக் செய்து வேகம் கூட்டியிருந்தால் முதலில் டிஃபால்ட்டுக்கு மாற்றுங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ரைசன் 5000 சிபியு வாங்கினேன். போர்டு பழைய பி450. சிபியுவை மாட்டிவிட்டு பயாஸ் அப்டேட் செய்யலாமா?

முதலில் மாட்டாதீர்கள் தம்பி. பழைய சிபியு இருக்கும்போதே அப்டேட் செய்து, ஓடுகிறதா என்று பார்த்து, அப்புறம் மாற்றுங்கள். பழைய சிபியுவை விற்றுவிட்டீர்கள் என்றால், போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பின்பக்கம் தேடுங்கள். அது இருந்தால் சிபியு இல்லாமலேயே எழுதிவிடும். கோப்பின் பெயரை எப்படி மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

தயாரிப்பாளரின் குறிப்பையும் வாசியுங்கள். சில பதிப்புகளுக்கு நடுவில் இன்னொரு பதிப்பைப் போட்டே தாண்ட வேண்டும். 16 எம்பி சிப்பில் எல்லாத் தலைமுறைக்கும் இடம் போதாததால், புதிய சில பயாஸ்களில் மிகப் பழைய சிபியுக்களை எடுத்துவிட்டார்கள். பழையதைத் திரும்ப மாட்டலாம் என்று நினைத்தால் ஓடாது.

உட்லண்ட்ஸிலிருந்து: பாதியில் 40 விழுக்காட்டிலேயே நின்றுவிட்டால் ரீஸ்டார்ட் செய்யலாமா?

தொடாதீர்கள். எழுந்து போய் தே குடித்துவிட்டு வாருங்கள். முடிந்த பிறகும் திரை கறுத்தே இருக்கலாம், தானாக இரண்டு மூன்று தடவை அணைந்து எரியலாம், மெமரியைப் புதிதாகச் சரிபார்க்கும். அரை மணி நேரம் அசையவே இல்லையென்றால்தான் வேறு யோசனை.

ஜூரோங்கிலிருந்து: அப்டேட் நன்றாக முடிந்தது. ஆனால் விண்டோஸ் வரவில்லை, நீலத் திரை. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள்.

போட விடாதீர்கள். அப்டேட்டில் செட்டிங் எல்லாம் டிஃபால்ட்டுக்குப் போயிருக்கும். நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று இருந்தால், பயாஸுக்குள் டிஸ்க்கோடு பேசும் விதத்தைச் சொல்லும் சாட்டா மோட் ஏஹெச்சிஐ, ரெய்டு இரண்டில் எது என்று பார்த்து மற்றதற்கு மாற்றுங்கள். பல டெல் டெஸ்க்டாப்கள் ரெய்டு மோடில்தான் வரும். பூட் டிவைஸே இல்லை என்று சொன்னால், பழைய பூட் முறையான லெகசிக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐக்கும் இடையே மாறியிருக்கும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்குக்கு லெகசி, அதாவது சிஎஸ்எம், ஆனில் இருக்க வேண்டும். மின்விசிறி திடீரென்று அலறினால் அதுவும் செட்டிங்தான்.

இன்னும் செய்யாதவர்கள், பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அப்டேட் செய்வதற்கு முன் செய்யும் வேலையில் இதைவிடப் பயனுள்ளது கிடையாது.

பிடோக்கிலிருந்து: ஒவ்வொரு நாளும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா?

ஆகாது ஐயா. சிஆர்2032 பட்டன் பாட்டரி தீர்ந்திருக்கும். பிளாக்கின் கீழே மினிமார்ட்டிலேயே கிடைக்கும், மெஷினைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு மாற்றுங்கள். பாட்டரி மாற்றினாலும் செட்டிங் டிஃபால்ட்டுக்குப் போகலாம், மேலே ஜூரோங் நண்பருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

சிராங்கூனிலிருந்து: ஏற்கெனவே செத்துவிட்டது. ஆன் ஆகிறது, திரை வரவில்லை. கடையில் புது மதர்போர்டு என்கிறார்கள்.

உடனே தலையாட்டாதீர்கள். ஜிகாபைட்டின் டூயல் பயாஸ் இருந்தால் இரண்டாவது சிப்பிலிருந்து தானே மீளும். ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென் டிரைவோடு முயலலாம். டெல், ஹெச்பி இரண்டிலும் பயாஸ் மீட்புக்கான விசைச் சேர்க்கைகள் உண்டு, உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள்.

எதுவும் இல்லையென்றால், போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சிறிய சிப்பில்தான் பயாஸ் இருக்கிறது. அதில் கிளிப் மாட்டி புரோகிராமரால் நேராக எழுதலாம். சிம் லிம் ஸ்கொயரில் பழுதுபார்க்கும் கடைகளில் 'சிப்பை ரீபுரோகிராம் செய்வீர்களா' என்றே கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. நீங்களே சிஎச்341ஏ என்ற புரோகிராமரை வாங்கிச் செய்யும் எண்ணமிருந்தால் கவனம்: கறுப்பு நிற மலிவுப் பதிப்புகள் பல, 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் சிக்னலை அனுப்புகின்றன. 1.8 வோல்ட் சிப்பென்றால் தனி அடாப்டரும் வேண்டும். சிப்பில் இருப்பதை முதலில் படித்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், போர்டின் சீரியல், நெட்வொர்க் முகவரி போன்றவை அதில்தான் இருக்கும்.

பொங்கோலிலிருந்து: ஏழாம் தலைமுறை ஐ7. பயாஸ் அப்டேட் செய்தால் விண்டோஸ் 11 வருமா?

வராது. புதிய பயாஸ், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம்மை ஆன் செய்து தரலாம், ஆனால் மைக்ரோசாஃப்டின் சிபியு பட்டியல் இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், அந்த ஐ7-க்கு இன்னும் நல்ல ஆயுள் இருக்கிறது. எட்டாம் தலைமுறைக்காரர்கள் அப்டேட்டைத் தேடும் முன், பயாஸில் பிடிடி என்ற, இன்டெல்லின் டிபிஎம் செட்டிங்கை ஆன் செய்து பாருங்கள். பெரும்பாலும் அது ஒன்றே போதும்.