கேளுங்கள், சொல்கிறோம்: பழைய உருவத்துக்குத் திரும்பும் உலோகமும் பிளாஸ்டிக்கும்

கேள்வி: கல்லூரிக் கண்காட்சிக்காக 1 மி.மீ. நிட்டினால் கம்பி (சூடு பட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கலவை) வாங்கினோம். ‘ட’ எழுத்தாக மடக்கி, கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கினோம். பிறகு அதை நேராக்கி வெந்நீரில் போட்டால் பாதி மட்டும் வளைந்து நின்றுவிடுகிறது. எங்கே பிசகு?
— இயற்பியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பிசகு அடுப்பில்தான். கம்பி செக்கச்செவேல் என்று பழுத்தால் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். கம்பியை இழுத்துத் தயாரிக்கும்போது அதற்கு ஏறிய இறுக்கம் அந்தச் சூட்டில் போய்விடும். அதன்பின் நீங்கள் நேராக்கும்போது உள்ளே அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நிரந்தரமாக இடம் மாறுகின்றன. வழுக்கியது திரும்பி வராது. அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதுத் துண்டில் தொடங்குங்கள்.

3 மி.மீ. இரும்புத் தகட்டில் ‘ட’வின் மூலைகள் வரும் இடங்களில் துளை போட்டு போல்ட் மாட்டுங்கள். கம்பியை அவற்றைச் சுற்றி இழுத்து, இரு முனைகளையும் வாஷர் வைத்து முடுக்குங்கள். கம்பி எங்கும் அசையக் கூடாது. சூட்டில் அது தன் பழைய நேர்வடிவத்துக்குப் போகத்தான் பார்க்கும். துத்தநாகம் பூசிய போல்ட் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், புகையும் கெடுதல். உங்கள் ஆய்வகத்தின் மஃபிள் அடுப்பை (மூடிய மின்சூளை) 500 டிகிரிக்கு வையுங்கள். நேரத்தை அடுப்பு சூடானதிலிருந்து எண்ணாமல், தகடு 500 டிகிரியைத் தொட்டதிலிருந்து 10 நிமிடம் எண்ணுங்கள். தகட்டோடு இடுக்கியால் எடுத்து உடனே வாளித் தண்ணீரில் போடுங்கள். கம்பி நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அது வெறும் ஆக்சைடு படலம், கவலை வேண்டாம். ஆனால் ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்’ என்று அரை மணி நேரம் விட்டுவிடாதீர்கள். நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் உள்ளே பிரியும். கம்பி எந்த வெப்பத்தில் திரும்ப வேண்டுமோ அந்த எண்ணே மேலே நகர்ந்துவிடும்.

சோதிக்கும்போது குளிர்ந்த நிலையில் எவ்வளவு வளைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நிட்டினால் ஏறத்தாழ 8 சதவீத நீட்சி வரைதான் திரும்பும். 1 மி.மீ. கம்பியை 10 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் அதன் வெளிப்பக்கம் சுமார் 5 சதவீதம் நீளுகிறது. அதைவிடக் கூர்மையாக மடக்காதீர்கள். ‘ட’வின் மூலைகளையும் அதே அளவு வட்டமாகவே அமையுங்கள், கூர்மூலையை நேராக்குவதும் அதே நீட்சிதான்.

முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒன்று: எந்த வெப்பத்தில் முழுதாகத் திரும்பும் கம்பி அது? நிட்டினாலில் எடைக்கணக்கில் சுமார் 55 சதவீதம் நிக்கல், மீதி டைட்டானியம். அணுக்கணக்கில் நிக்கல் 0.1 சதவீதம் கூடினாலே அந்த வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆகவே ‘நிட்டினால் கம்பி’ என்று மட்டும் கேட்டு வாங்குவது பயன்படாது. 40 டிகிரிக் கம்பியை மே மாதம் நம்மூர்த் தகரக் கொட்டகையில் காட்சிக்கு வைத்தால் வெந்நீரே தேவையில்லை, மேசையிலேயே சுருண்டுவிடும். 60 முதல் 70 டிகிரி வரை உள்ளதை வாங்குங்கள். கையில் எடுத்ததுமே ஸ்பிரிங் போலத் துள்ளினால் அது சூப்பர் எலாஸ்டிக் ரகம். அதன் திரும்பும் வெப்பநிலை அறை வெப்பத்துக்கும் கீழே என்பதால் வெந்நீர் வித்தை அதில் நடக்காது.

கண்காட்சியில் கம்பி ஒரு பளுவைத் தூக்கவும் வேண்டுமா? அதற்கென்றே, சூடானால் நீளத்தில் சுருங்கும்படி பழக்கிய 0.25 மி.மீ. நிட்டினால் கம்பி கிடைக்கிறது. மீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம். 20 செ.மீ. துண்டில் 4 வோல்ட் கொடுத்தால் சுமார் 1 ஆம்பியர் ஓடும். 4 சதவீதம், அதாவது 8 மி.மீ. சுருங்கி முக்கால் கிலோவைத் தாராளமாகத் தூக்கும். சுருங்கியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், விட்டுவைத்தால் சூடேறிப் பழக்கம் கெடும். ஆறினால் தானாக நீளாது, அந்தப் பளுவோ ஒரு ஸ்பிரிங்கோதான் இழுத்து நீட்ட வேண்டும். முனைகளில் சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. திருகு வைத்த டெர்மினலில் இறுக்குங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, போர்ல இறக்குன மோட்டார் கேபிள் ஜாயிண்ட்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். ஒரு மாசத்துல தண்ணி ஏறிட்டு. டேப்பு சுத்துறதே மேலா?
— விவசாயி, சுரண்டை

பதில்: ஸ்லீவைக் கைவிடாதீர்கள், அண்ணாச்சி. போட்ட ரகமும் போட்ட விதமும்தான் மாற வேண்டும். இதுவும் உருவத்தை நினைவில் வைத்திருக்கும் பொருள்தான். பாலிஎத்திலீன் குழாயின் இழைகளை மின்னணுக் கதிரால் ஒன்றோடொன்று பிணைத்து, சூடாக்கி, இரண்டு மூன்று மடங்கு விரித்து, விரித்தபடியே ஆறவைக்கிறார்கள். மறுபடி சூடு பட்டதும் பிணைப்புகள் அதைப் பழைய சிறு அளவுக்கு இழுக்கின்றன.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்லீவ் சுருங்கும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே பசை பூசிய, மூன்றுக்கு ஒன்று சுருங்கும், தடித்த சுவர் ரகம் வேண்டும். பிளாட் கேபிளில் மூன்று கோர்களுக்கும் (உள்ளே ஓடும் கம்பிகள்) தனித்தனி ஸ்லீவ், மேலே ஒரு பெரிய ஸ்லீவ். எல்லாவற்றையும் ஜாயிண்ட் போடும் முன்பே கேபிளில் கோத்துத் தள்ளி வையுங்கள். மூன்று ஜாயிண்ட்டும் ஒரே இடத்தில் வராமல் 5 செ.மீ. தள்ளித் தள்ளிப் போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இழையையும் ஈய முள்ளையும் அரத்தால் தேயுங்கள், ஒரு முள் போதும் ஸ்லீவைக் கிழிக்க. வெளி உறையை எமரி தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெயும் வியர்வையும் இல்லாமல் துடையுங்கள். பெரிய ஸ்லீவ் இரு பக்கமும் உறைமேல் 7 செ.மீ. ஏற வேண்டும்.

தீக்குச்சி, லைட்டர் வேண்டாம், ஹீட் கன் எடுங்கள். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி முனைகளை நோக்கிப் போங்கள். முனைகளை முதலில் சுருக்கினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். பிறகு அதுவே தண்ணீர் தங்கும் பள்ளமாகும். இரு முனையிலும் பசை வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் வேலை முடிந்தது. பிளாட் கேபிளின் மேடுபள்ளத்தில் இடைவெளி தெரிந்தால், பெரிய ஸ்லீவை ஏற்றும் முன் அங்கே மாஸ்டிக் டேப் (களிபோல் அழுந்தி ஒட்டும் டேப்) வைத்து நிரப்புங்கள். முற்றிலும் ஆறும்வரை கேபிளை மடக்காதீர்கள்.

இறக்குவதற்கு முன், ஜாயிண்ட்டை ஓர் இரவு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, கோருக்கும் தண்ணீருக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் (மின்கசிவைப் பார்க்கும் கருவி) பாருங்கள். நல்ல ஜாயிண்ட் நூறு மெகாஓமுக்கு மேலே காட்டும். சில மெகாஓமுக்கு இறங்கியிருந்தால் அறுத்துவிட்டு மறுபடி போடுங்கள். போரிலிருந்து திரும்ப ஏற்றும் செலவுக்கு இது ஒன்றுமில்லை.

கேள்வி: மகளுக்குப் பல் கிளிப் போட்டிருக்கிறது. ஐஸ் தண்ணீர் குடித்தால் இறுக்கம் குறைகிறது, காபி குடித்தால் இழுக்கிறது என்கிறாள். இது உண்மையா?
— ஒரு தாய், திருநெல்வேலி டவுண்

பதில்: உண்மைதான். வெப்பத்துக்கு ஏற்ப விறைப்பு மாறும் நிட்டினால் கம்பியாக இருக்கும். வாய்ச்சூட்டில் விறைத்து, குளிரில் தளர்வது அதன் இயல்பு, கெடவில்லை. பல் வைத்தியத்தில் நிட்டினாலை 1970-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஆன்ட்ரியாசன் புகுத்தினார். கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கும் பிள்ளை என்றால், நிக்கல் ஒவ்வாமை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பித்தளையில் இந்தக் குணம் உண்டா?
— பாத்திர வியாபாரி, அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் விற்கும் பித்தளையில் இல்லை. செம்பு, துத்தநாகத்தோடு சில சதவீதம் அலுமினியம் சேர்த்து, 800 டிகிரி அளவிலிருந்து சட்டென்று குளிரவைத்த கலவையில் உண்டு. விலை நிட்டினாலைவிடக் குறைவு. ஆனால் அடிக்கடி வேலை வாங்கினால் படிக மணிகளின் ஓரம் வழியாக வெடிக்கும்.

கேள்வி: பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த போன் ஸ்டாண்ட், கார் டேஷ்போர்டில் வெயிலில் தொங்கிவிட்டது. வெந்நீரில் போட்டதும் ஓரளவு நிமிர்ந்தது! இதுவும் அதேதானா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: அதேதான். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகும். மூடிய காரின் டேஷ்போர்டு வெயிலில் அதைத் தாண்டிவிடும். 70 டிகிரித் தண்ணீரில் ஒரு பட்டையை வளைத்து, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, மறுபடி வெந்நீரில் போட்டால் நிமிர்வதைப் பார்க்கலாம். ஆனால் ஸ்லீவில் இருப்பதுபோல் இழைகளைப் பிணைக்கும் முடிச்சுகள் பிஎல்ஏவில் இல்லை, நூல் சிக்கல்போல இழைகள் பின்னிக் கிடக்கும் சிக்கல்கள்தான் உள்ளன. பளுவோடு வெகுநேரம் சூட்டில் கிடந்தால் சிக்கல் நழுவும், நினைவும் போகும். ஓரளவே நிமிர்ந்தது அதனால்தான். பிளாஸ்டிக் நிறைய நீளும், ஆனால் திரும்பும்போது அதன் இழுவிசை நிட்டினாலில் நூறில் ஒரு பங்கு அளவே. காருக்கு என்றால் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடியுங்கள், அது 100 டிகிரி வரை தாங்கும். பிஇடிஜி பிளாஸ்டிக் 80 டிகிரியில் இளகுவதால் டேஷ்போர்டுக்கு அதுவும் சந்தேகம்தான்.