துக்கம் கேட்க யார் வந்தார்கள்?

(ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கும் பகுதி)

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் வீட்டுப் பூனை வெள்ளச்சி போன மாதம் இறந்துவிட்டது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது கொல்லைக் கொட்டகையில் கத்திக்கொண்டிருந்த குட்டி அது. 2018-ல் கஜா அடித்த இரவு, ஓடுகள் பறக்கும் சத்தம் கேட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் என்னோடு ஒண்டிக்கொண்டு கிடந்தது. கிட்டத்தட்ட பதினேழு வயது. கடைசி மூன்று மாதமாகக் குளியலறை வாளித் தண்ணீரை ஓயாமல் குடித்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். பிறகு சாப்பாட்டை நிறுத்தியது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவாம், கிரியாட்டினின், அது 9.4 என்று வந்தது. பத்து நாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றியும் எழுந்து நிற்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னார், சம்மதித்தேன். ஊசிக்குப் பிறகும் இரண்டு தடவை மூச்சை இழுத்தது. கண்ணை மூடவே இல்லை. என்னையே பார்த்தபடி போய்விட்டது. தங்கத்தில் பூனை செய்து காசியில் தானம் கொடுத்தாலும் இந்தப் பாவம் தீராது என்கிறார் நாத்தனார். "பூனைதானே அம்மா, வேறு ஒன்று வளர்த்துக்கொள்" என்கிறான் துபாயில் இருக்கும் மகன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்கு வருடத்துக்கு முன் கணவர் இறந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. நான் செய்தது கொலையா? எனக்கு என்ன ஆயிற்று?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

பூனை செத்தால் அதன் இமை மூடாது. இமையை மூடுவதற்கு ஒரு தசை வேலை செய்ய வேண்டும். உயிர் போனதும் அது தளர்ந்துவிடுவதால் இமை திறந்தபடியே நின்றுவிடுகிறது. மனிதர்களுக்கே பல சமயம் நாம்தானே கையால் மூடிவிடுகிறோம்? வெள்ளச்சி உங்களைப் பார்க்கவில்லை, அம்மா. அந்தக் கண் உங்கள் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு மூச்சும் அப்படித்தான். அந்த ஊசியில் இருப்பது மயக்க மருந்து. அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் நினைவு போகும், அடுத்து சுவாசம், கடைசியில் இதயம். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகும் மூளைத்தண்டின் பழக்கத்தில் நெஞ்சு ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கும். பார்ப்பவருக்குத்தான் அது வேதனை. ஊசி போடுவதற்கு முன்பே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் எங்கள் ஆட்கள் பலர் சொல்வதில்லை, நானும் எத்தனையோ பேரிடம் சொல்லாமல் விட்டவன்தான்.

தண்ணீர் குடித்ததைக் கவனிக்கத் தவறினேன் என்கிறீர்கள். சிறுநீரகம் சோம்பேறி இல்லை; தான் கெட்டுப்போவதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளாது. ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினினே ஏறத் தொடங்கும். போதாக்குறைக்குப் பூனை என்பது நோயை மறைப்பதில் மகா கெட்டிக்காரப் பிராணி. வாளித் தண்ணீரைக் குடித்த முதல் நாளே நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் தேய்ந்துபோன சிறுநீரகம் திரும்பி வளர்ந்திருக்காது. உணவை மாற்றி, மருந்து கொடுத்து, இன்னும் சில மாதங்கள் இழுத்திருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பூனையின் பதினேழு வயது மனிதக் கணக்கில் எண்பதைத் தாண்டிய வயது. 9.4 என்ற எண்ணைப் பார்த்தால் வாய்க்குள் புண் வந்திருக்கும், மூச்சில் அமோனியா நெடி அடித்திருக்கும். அடித்ததா இல்லையா? அந்த நிலையில் பசி எடுக்காது, குமட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. எங்கள் வீட்டில் சுப்பு என்று ஒரு சாம்பல் நிறக் கடுவன் இருந்தான். அவனுக்கும் இதே சிறுநீரகக் கோளாறு. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் கால் முறிந்த மாட்டுக்கும் வெறிபிடித்த நாய்க்கும் கை நடுங்காமல் ஊசி போட்டவன் நான். சுப்புவுக்குப் போட எனக்குக் கை வரவில்லை. குளியலறைச் சிமெண்டுத் தரையில், குளிர்ச்சிக்காக வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தான். என் மனைவி தினமும் காலையில் காபியை வைத்துவிட்டு, "இன்றைக்கா?" என்று கேட்பாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவனாகவே போனான். இயற்கையான சாவு என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்த நான்கு நாளும் எனக்காகத்தான் அவன் கிடந்தான் என்பது எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். நான் செய்யத் தவறியதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதைக் கொலை என்று என்னிடம் வந்து யாரும் சொல்லிவிட முடியாது. 'கருணைக்கொலை' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கருணையை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் கொலையை ஒட்டவைத்திருக்கிறார்கள். நாத்தனார் காதில் விழுந்தது பின்பாதி மட்டும்தான்.

தங்கப் பூனைக் கதையை என் பாட்டியும் சொல்வார். பாலைக் குடித்துவிட்டது என்று பூனை மேல் விறகுக்கட்டையை வீசுகிறவர்களுக்காகச் சொல்லிவைத்தது அது. பதினேழு வருடம் சோறு போட்டு, பத்து நாள் சலைன் ஏற்றியவரை மிரட்டுவதற்காகச் சொன்னது இல்லை. நாத்தனாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த முறை அவர் ஆரம்பித்தால் ஒரு காபி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இனி, கணவருக்கு அழாத அழுகை. அவர் இறந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வாசலில் பந்தல். பதினாறாம் நாள் வரைக்கும் யாருக்கு என்ன சமைப்பது, யாருக்குச் சொல்லிவிடவில்லை, சாஸ்திரிகளுக்கு எவ்வளவு என்று உங்களைச் சுற்றி வேலை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்: எத்தனை மணிக்கு? கடைசியாக என்ன சாப்பிட்டார்? பக்கத்தில் யார் இருந்தது? சலிக்கச் சலிக்க நாற்பது பேருக்காவது பதில் சொல்லியிருப்பீர்கள். நம் ஊரில் துக்கம் கேட்பது என்றால் இதுதான். வெறும் சம்பிரதாயம் என்று இளவட்டங்கள் முணுமுணுக்கும். ஆனால் சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்ததாக நெஞ்சில் இறங்கும். வெள்ளச்சிக்கு யார் வந்து கேட்டார்கள்? ஒருவரும் இல்லை. நடந்ததையெல்லாம் முதல் முறையாக எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது வேலைகளுக்கு நடுவில் நின்றுபோன கண்ணீரில் கொஞ்சம் இப்போது சேர்ந்து வருகிறது என்பது என் ஊகம்; அவர் இருந்த நாளிலிருந்து உங்களோடு மிச்சம் இருந்த ஒரே ஜீவன் அது, இல்லையா?

பழைய எகிப்தில் வீட்டுப் பூனை தானாகச் செத்துப்போனால் அந்த வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று 2,400 ஆண்டுகளுக்கு முன் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதிவைத்திருக்கிறார். மாணவனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது தோன்றுகிறது, அதில் ஒரு வசதி இருந்திருக்கும்: தெருவில் எதிரே வருகிறவனுக்கு முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும், நின்று விசாரிப்பான். உங்கள் புருவம் அப்படியே இருக்கட்டும். நானே விசாரிக்கிறேன். எத்தனை மணிக்கு? கடைசியாகச் சாப்பிட்டது என்ன? எங்கே புதைத்தீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை. மகன் போன் செய்யும்போதும் இதையே சொல்லுங்கள். "வேறு வளர்த்துக்கொள்" என்பவனும், கஜா அன்று அது ஒண்டியிருந்த கதையைக் கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான்.

கேள்வி: சாவு நெருங்கினால் பூனை வீட்டைவிட்டு வெளியேறிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சாவைப் பற்றி அதற்குத் தெரியுமா என்பது அதற்கே வெளிச்சம். உடம்பு முடியாத பூனை, தன்னைத் தாக்கக்கூடியவற்றின் கண்ணில் படாமல் இருட்டும் அமைதியும் உள்ள மூலையைத் தேடும். கட்டிலடி கிடைத்தால் கட்டிலடி, கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு வைக்கோல் போர். வயதான பூனை இரண்டு நாளாகக் காணோம் என்றால் விதி என்று உட்காராமல் பரண், கார் அடி, கொட்டகை எல்லாம் தேடுங்கள். அப்படிக் கண்டுபிடித்த பூனைகளில் சில எங்களிடம் வந்து பிழைத்துப் போயிருக்கின்றன.

கேள்வி: இரண்டு பூனைகளில் மூத்தது இறந்துவிட்டது. இளையது அது படுத்திருந்த சாக்கை முகர்ந்துகொண்டே இருக்கிறது, நேற்றிலிருந்து சாப்பிடவும் மறுக்கிறது. சாக்கை எடுத்துப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அதுவாக விடும்வரை சாக்கு அங்கேயே கிடக்கட்டும். சாப்பாடுதான் அவசரம். பூனை நாய் மாதிரி பட்டினி தாங்காது. தொடர்ந்து சாப்பிடாமல் போனால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து ஆபத்தாகிவிடும், அதுவும் குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். சூட்டில் மணம் எழும்பும், மணத்துக்குத்தான் பூனைக்குப் பசி வரும். ஜுரமோ என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாளாகியிருக்கும். தட்டு இன்னும் அப்படியே இருந்தால், இதைப் படித்து முடிக்கக் காத்திராமல் கூடையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.