காலையில் விரல் மடங்கவில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. முடக்குவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குரூப் 4 தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். காலையில் பேனாவையே பிடிக்க முடியவில்லை. “உடம்பைப் பார், போதும்” என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: விடாதீர்கள், அம்மா. கிருஷ்ணகிரியில் இதே நோயோடு 16 ஆண்டுகளாக இருப்பவள் நான். ரவிக்கைக் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட்ட காலைகள் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடங்குவதைப் பார்த்திருப்பேன். சுண்டுவிரல் முதலில், கட்டைவிரல் கடைசியில். மார்கழிப் பனியில் இன்னும் மோசம்.

இந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். தேர்வோ காலை 9.30-க்கு. அதனால் ஐந்து மணிக்கே எழுந்து பழகுங்கள். 200 கேள்விகள், மூன்று மணி நேரம், விடைத்தாளில் சரியான விடைக்கான வட்டத்தைக் கருப்பாக்குவதுதான் வேலை. பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கிப் பயிற்சி செய்யுங்கள். தமிழ்ப் பகுதியே 100 கேள்விகள், அதை மாலையில் விரல் இளகியபின் எழுதிப் படியுங்கள்.

இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை டாக்டர் தந்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. படிப்பு மும்முரத்தில் கிழமையை மறந்து இரட்டிப்பாகப் போட்டுவிடாதீர்கள், ஆபத்து. ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

தேர்வு மையம் தர்மபுரியில் என்றால் முந்தைய நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள். காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வர வேண்டாம். அம்மாவையும் உடன் அழைத்து வாருங்கள்.