இந்துப்புக்கு மாறியும் அப்பாவின் ரத்த அழுத்தம் குறையாதது பற்றி

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஆகவே தூள் உப்பை நிறுத்திவிட்டு அதே அளவில் அதைப் போட்டால், உங்கள் அப்பாவின் உடலில் சேரும் சோடியம் ஏறத்தாழ மாறாது. அயோடின் சேர்க்காததாக இருந்தால் அதுவும் இழப்பு.

குழம்பில் உப்பைப் பாதியாக்கிய பிறகும் பயனில்லை என்கிறீர்கள். காலையில் பழைய சோற்றுக்கு அவர் மோர்மிளகாய் கடித்துக்கொள்வதாக எழுதியிருப்பதால், என் சந்தேகம் அதன்மீதுதான். பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி அதே உப்பு மோரில் ஊறவிட்டு, மோர் வற்றும்வரை இப்படியே செய்வதால், போட்ட உப்பெல்லாம் மிளகாயிலேயே தங்கிவிடுகிறது. வடாம், அப்பளம், உப்பு நார்த்தங்காய், கருவாடு ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான் (தஞ்சைப் பக்கம் கோடை கழிந்த பின் இவை இல்லாத வீடு ஏது?).

உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் வீட்டில் ஒரு கிலோ 50 நாளுக்கு முன்பே தீர்ந்தால் அளவு மிகுதி. கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சர் இதில் சேராது.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அப்பாவின் மாத்திரையையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.