லைட்டை 'ஓப்பன்' செய்யும் சீன மாணவர்கள்

கேள்வி: செங்டூவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 'ஓப்பன் த லைட்', 'குளோஸ் த டிவி' என்றே எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மாறுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது கவனக்குறைவு இல்லை, அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். சீனத்தில் 'காய்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கதவைத் திறப்பதும் காய், லைட்டைப் போடுவதும் காய், கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, டாக்டர் மருந்து எழுதித் தருவது, பூ மலர்வது, தண்ணீர் கொதிப்பது எல்லாமே காய்தான். ஹாங்காங்கிலும் தைவானிலும் இன்றும் எழுதும் பழைய வடிவத்தில் அந்த எழுத்துக்குள் ஒரு கதவே இருக்கிறது. எதிர்ச்சொல் 'குவான்'. கதவைச் சாத்தினாலும் குவான், டிவியை அணைத்தாலும் குவான். நம் ஊரிலும் ஃபேனைப் 'போடு' என்பதை 'புட் த ஃபேன்' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, அதே கதைதான் இது.

அதனால் 'ஓப்பன் என்றால் காய்' என்று சொல்லித்தருவதை முதலில் நிறுத்துங்கள். மூடியிருந்தது விலகி உள்ளே போக, பார்க்க வழி கிடைத்தால் ஓப்பன்: கதவு, பெட்டி, கண், புத்தகம், போனில் இருக்கும் ஆப். கரண்டோ கேஸோ பாய்ந்து ஒரு பொருள் வேலை செய்ய ஆரம்பித்தால் டர்ன் ஆன். இதற்கு ஃப்ரிட்ஜைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கதவைத் திறந்து பால் எடுத்தால் 'ஓப்பன் த ஃப்ரிட்ஜ்', சுவிட்சைப் போட்டால் 'டர்ன் ஆன் த ஃப்ரிட்ஜ்'. இரண்டையும் கேமரா முன்னால் செய்துகொண்டே சொல்லச் சொல்லுங்கள், கை செய்வது வாயில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'டர்ன் ஆன் இட்' என்று வரும், 'டர்ன் இட் ஆன்' என்று அப்போதே மாற்றிவிடுங்கள்.

லைட் சரியான பிறகும் ஒரு தப்பு மிச்சமிருக்கும்: 'த ஷாப் இஸ் ஓப்பன்ட்'. மூடியிருக்கும் கடைக்கு 'குளோஸ்ட்' என்று கற்றவர்கள், திறந்திருக்கும் கடைக்கு 'ஓப்பன்ட்' என்று தாங்களே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது நியாயமான கணக்குதான், ஆனால் ஆங்கிலம் அப்படிப் போகவில்லை. கடை இப்போது திறந்திருக்கிறது என்றால் 'இஸ் ஓப்பன்' மட்டுமே. காலை ஒன்பது மணிக்குத் திறந்தார்கள் என்று நடந்ததைச் சொல்லும்போதுதான் 'ஓப்பன்ட்'. அடுத்த வகுப்பில் கடை வாசலில் தொங்கும் பலகையின் இரண்டு பக்கத்தையும் படமாகக் காட்டுங்கள். ஒரு பக்கம் 'ஓப்பன்', திருப்பினால் 'குளோஸ்ட்'.