மாத்திரையால் ஏறும் எடை

கேள்வி: 24 வயதுத் தம்பி மனச்சிதைவுக்கு ஓலான்சபின் சாப்பிடுகிறான். மூன்றே மாதத்தில் 58 கிலோ, 65 ஆகிவிட்டது. எங்கள் குடும்பமே பருமன்தான். பரம்பரையா, மாத்திரையா? நிறுத்திவிடலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது, நோய் திரும்பிவிடும்.

இரண்டுக்குமே பங்குண்டு. இந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் என்ற ரசாயனங்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைப்பதால், வயிறு நிறைந்தும் பசி அடங்காது. எம்சி4ஆர் என்ற மரபணுவை ஒட்டிய சில மாறுபாடுகள் இருப்பவர்களுக்கு எடை இன்னும் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக மரபணுச் சோதனைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். எடை மெஷின் போதும்.

5 சதவீதம் ஏறினாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தம்பிக்கு 12 சதவீதம் ஏறியிருக்கிறது. வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டக் கூடாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பாகாயம் சிஎம்சி மனநல மையமோ, வைத்தியம் காட்டும் இடத்துக்கு அந்த நோட்டோடு போய், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்க்கக் கேளுங்கள். மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்வார். மெட்ஃபார்மினுக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனை பார்ப்பார்கள்.

பலர் கவனிக்காதது குளிர்பானம். இந்த மாத்திரை வாயை உலர்த்தும். தாகத்துக்குக் கலர் குடித்தே எடை ஏறும். தண்ணீர், உப்பு குறைத்த நீர்மோர் கொடுங்கள். ராத்திரிப் பசிக்கு பன் வேண்டாம், சுண்டல் வையுங்கள்.