முற்றத்தில் படர்ந்தது கரிசலாங்கண்ணி அல்ல

கேள்வி: நர்சரியில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று சொல்லித் தந்த செடி முற்றம் முழுக்கப் படர்ந்துவிட்டது. பளபளப்பான இலை, மூன்றாகப் பிரிந்திருக்கும். பெரிய மஞ்சள் பூ. அதில் காய்ச்சிய எண்ணெய் பூசணம் பிடித்து நாறுகிறது. முடியும் வளரவில்லை. மைத்துனருக்கு மஞ்சள் காமாலை; இதன் சாற்றைக் கொடுக்கலாமா? பாரம்பரிய வைத்தியமே பொய்தானா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: காமாலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். கண் மஞ்சளானால் ஈரல் அழற்சியாக இருக்கலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம். மழைக்காலத்தில் ஏலாவில் (வயல்வெளியில்) இறங்கி வேலை செய்கிறவர் என்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தாமதமாகக் கூடாது. இன்றே ரத்தம் பரிசோதியுங்கள்.

பாரம்பரியத்தின் மேல் வழக்குப் போடுமுன் செடியைப் பாருங்கள், அம்மா. நீங்களே எழுதிய அடையாளப்படி அது கரிசலாங்கண்ணியே இல்லை. மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுப் பக்கத்திலிருந்து தரையை மூடும் அழகுச் செடியாக வந்தது. ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா என்று பெயர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஸ்பாக்னெட்டிகோலா காலண்டுலேசியா, அதன் பங்காளி. சூரியகாந்திக் குடும்பம், ஒரே பேரினம், இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விடும்; விற்கிறவருக்கு வசதியாகப் போயிற்று. இலையைப் பார்த்தால் போதும்: அசல் இலை ஒடுங்கி நீண்டு சொரசொரப்பாக இருக்கும், பக்கவாட்டில் மடல் பிரியாது. பூவும் சிறியது.

தலைக்கு எண்ணெய் காய்ச்ச வெள்ளைப் பூ உள்ள கரிசலாங்கண்ணியே வழக்கம். விளவங்கோடு பக்கம் கய்யோன்னி என்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் நெல் போகங்களின் அறுவடை முடிந்த வயலின் ஈர வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும். தண்டைக் கசக்கி உள்ளங்கையில் வைத்தால் சிறிது நேரத்தில் கறுக்கும்; பச்சை குத்தவும் அந்தச் சாறு பயன்பட்டது. பூச்சிமருந்து அடித்த வாழைத் தோட்டத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். சந்தேகம் என்றால் பூவும் வேருமாகப் பிடுங்கி, கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் காட்டிக் கேளுங்கள்.

இனி எண்ணெய். பூசணம் பிடித்ததற்குச் செடியைக் குறை சொல்ல முடியாது; சாற்றின் ஈரம் எண்ணெயில் தங்கியிருக்கிறது. வைத்திய நூல்கள் எண்ணெய்க்கு நான்கு மடங்கு சாறு கேட்கும். வீட்டுக்குச் சம அளவு போதும்: ஒரு லிட்டர் செக்குத் தேங்காயெண்ணெய், ஒரு லிட்டர் சாறு. செடியை மண் போகக் கழுவி, நீர் வடியவிட்டு, இடித்துப் பிழிந்து வடிகட்டுங்கள். வாயகன்ற உருளியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். அது வற்றியதும் கிடுகிடுவென ஏறும். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கிளறிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் போன் பேசப் போகிறவர்கள்தான் கருக்குகிறார்கள்.

பதம் பார்க்க அடிக்கசடை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். களிபோல் ஒட்டினால் ஆகவில்லை. மெழுகுப் பதம் தாண்டி மணல்போல் நெறுநெறுத்ததும் தீயை அணைத்துவிடலாம். எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பதம் வந்த சமயத்தில் எண்ணெயில் நுரையும் கூடும். நெய் காய்ச்சும்போது நடப்பதற்கு நேர் எதிர். இளஞ்சூட்டில் துணியில் வடித்து, முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வேர்த்து எண்ணெயில் சொட்டும். பாட்டில் கண்ணாடியாக, வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும். இலையை அரைத்து அடை தட்டி வெயிலில் காயவைத்து எண்ணெயில் ஊறப்போடும் முறையை ஆனி, ஆடிச் சாரலில் தொடாதீர்கள். நம் ஊரில் அது காயாது. கெட்டுப்போன எண்ணெயை வாசல் கதவின் கீலுக்கு விடுங்கள், தலைக்கு வேண்டாம்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் முடி முளைக்குமா? ஆய்வகத்து எலிகளுக்கு முளைத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதர் வழுக்கைக்கு அப்படி உறுதியான சான்று இல்லை. வறட்சி குறையும், முடி சிக்காது. அதற்கு மேல் வாக்குக் கொடுக்கிறவர் ஏதோ விற்கிறார். இன்னொன்று: பார்த்தீனியம் பட்டால் தடிக்கிறவர்கள், செவ்வந்தி தொடுத்தால் கை அரிக்கிறவர்கள் சூரியகாந்திக் குடும்பத்தின் எந்தச் செடியோடும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முன்கையில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

முற்றத்தில் இருப்பதை மழை பெய்து மண் இளகியபோது கணுவோடு பிடுங்குங்கள். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. உரக்குழியிலோ சானல் வாய்க்காலிலோ போட்டுவிட்டால் பக்கத்து ஊருக்கும் கொடுத்தவராவீர்கள். சிமென்ட் தரையில் பரப்பி மொறமொறவென்று காய்ந்த பிறகு எரியுங்கள். அடுத்த மழைக்குப் பின் மிச்சம் துளிர்க்கும், அதையும் பிடுங்குங்கள்.